பக்கவாத நோயாளியிடம் அவர் குடும்பத்தைப் பற்றியும் கேளுங்கள்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறைச் செயலாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,



பக்கவாதம் தாக்கிய ஒருவரை மருத்துவமனைக்குத் தூக்கிவந்தால் முதலில் கேட்கப்படும் கேள்விகள் எல்லோரும் அறிந்தவை. எத்தனை மணிக்கு ஆரம்பித்தது? சுகர் உண்டா? பிரஷர் உண்டா? மாத்திரையை நிறுத்திவிட்டாரா? பீடி, சிகரெட், குடி உண்டா? கட்டாயம் கேட்க வேண்டிய கேள்விகள்தாம். உயிர் பிழைப்பதும் கை கால் மீள்வதும் இவற்றுக்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்தவை. ஆனால் ஆபத்துக் கட்டம் தாண்டி, வார்டுக்கு மாறி, வீடு திரும்பும் நாள்வரை பல நோயாளிகளிடம் ஒரு கேள்வி மட்டும் கேட்கப்படுவதே இல்லை: "உங்கள் அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள், சித்தப்பா, அத்தை, மாமா யாருக்காவது இப்படி வந்திருக்கிறதா? எத்தனை வயதில் வந்தது?"

இந்தக் கேள்வியை நமது அரசு மருத்துவமனைகளில் கட்டாயமாக்குங்கள். கிடைக்கும் பதிலைப் பதிவுசெய்யுங்கள். அந்தப் பதில் ஒரு குடும்பத்தையே சுட்டுமானால், அந்தக் குடும்பத்துக்குத் துணை நிற்க ஏற்பாடு செய்யுங்கள். இந்த மடலின் கோரிக்கை இவ்வளவுதான். இதை ஏன் இத்தனை வற்புறுத்திக் கேட்கிறோம் என்பதைத் தாங்கள் பொறுமையோடு படிக்க வேண்டும்.

பக்கவாதம் வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது பரம்பரையாக வருவதில்லை. ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, புகை, இதயத் துடிப்புக் கோளாறு, கொழுப்பு என்று காரணங்கள் கண்முன்னே இருக்கின்றன. ஆனால் சில குடும்பங்களில் நிலைமை வேறு. அங்கே ஒரே ஒரு மரபணுவில் ஏற்பட்ட பிழை மூளையின் நுண்ணிய ரத்தக்குழாய்களைத் தலைமுறை தலைமுறையாகக் கெடுத்துக்கொண்டு வருகிறது. நாற்பதிலும் ஐம்பதிலும் பக்கவாதம், அதைத் தொடர்ந்து மறதிநோய் என்று ஒரே வரிசையில் அப்பா, மகன், பேத்தி விழுகிறார்கள். ஊரார் அதைச் சாபம் என்கிறார்கள், செய்வினை என்கிறார்கள், மருமகள் வந்த நேரம் என்கிறார்கள். மருத்துவச் சீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நோயின் பெயர் இருக்கிறது. குடும்பம் முழுவதையும் பிடித்திருக்கும் ஒரே நோயின் பெயர் மட்டும் எந்தச் சீட்டிலும் இருப்பதில்லை.

இவ்வகை நோய்களில் உலகில் அதிகம் அறியப்பட்டது காடாசில். 1976-இல் பாரிஸ் நகர மருத்துவர் மாரி-ஜெர்மேன் பூசே, ரத்தக்கொதிப்பு இல்லாமலே பக்கவாதம் கண்ட ஒரு நோயாளியைப் பார்த்தார். பின்னர் அவர் குடும்பத்தாரிடமும் அதே நோய் தெரியவந்தது. அந்தக் குடும்பத்தைத் தொடர்ந்துபோனதில் 1993-இல் 19-ஆவது குரோமோசோம் வரை ஆய்வு எட்டியது. 1996-இல் நாட்ச்-3 என்ற மரபணுவே காரணம் என்பது உறுதியாயிற்று. பூசேயும் அவருடன் உழைத்த எலிசபெத் தூர்னியே-லாசெர்வ், அன் ஜூத்தெல், ஹ்யூக் ஷாப்ரியா ஆகியோரும் 2019-இல் மூளை ஆய்வுக்கான 'பிரெய்ன் பிரைஸ்' விருதைப் பெற்றார்கள். ஒரு நோயாளியோடு நின்றுவிடாமல் அவர் வீட்டாரைப் பற்றியும் கேட்டதுதான் இவ்வளவுக்கும் தொடக்கம்.

நாட்ச்-3 மரபணு, ரத்தக்குழாய்ச் சுவரில் உள்ள தசைச் செல்களுக்கு வேண்டிய ஒரு புரதத்தைத் தருகிறது. அந்தப் புரதத்தில் செல்லுக்கு வெளியே நீண்டிருக்கும் பகுதியில் 34 கண்ணிகள் உண்டு. ஒவ்வொரு கண்ணியிலும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் ஆறு இருக்கும். ஆறும் இரண்டிரண்டாகக் கைகோத்து, கண்ணியைச் சரியான வடிவில் மடித்து நிறுத்துகின்றன. மரபணுவில் ஓரெழுத்து மாறிப்போனால் ஆறு என்பது ஐந்தாகவோ ஏழாகவோ ஆகிவிடுகிறது. ஒரு சிஸ்டீன் துணையில்லாமல் தனித்து நிற்கிறது. மடிப்புக் குலைகிறது. புரதத்தின் வெளிப்பகுதி கரைந்து போகாமல் நுண்குழாய்களின் சுவரில் ஆண்டுக்கணக்கில் படிந்துகொண்டே போகிறது. தசைச் செல்கள் சிதைந்து, சுவர் தடித்து, குழாயின் உட்புறம் குறுகுகிறது. சொட்டுநீர்ப் பாசனத்தில் மெயின் பைப்பில் தண்ணீர் நன்றாக ஓடும்போதே கடைமடைச் சொட்டான்கள் அடைத்துக்கொண்டு, அங்கே நிற்கும் செடிகள் வாடுவதைத் தாங்கள் பார்த்திருக்கலாம். மூளையின் ஆழத்திலுள்ள வெண்பொருளுக்கு இந்நோயில் நேர்வதும் அதுதான். கழுத்துக் குழாயை டாப்ளர் எடுத்துப் பார்த்தால் குறை எதுவும் தெரியாது.

நோய் வரும் விதமும் ஏமாற்றக்கூடியது. பெரும்பாலும் முப்பது வயதையொட்டி ஒற்றைத் தலைவலியாகத் தொடங்கும். வலி வருமுன் கண்ணில் வெளிச்சக் கோடுகள் நெளியும். சிலருக்குக் கை மரத்துப்போகும், பேச்சு குழறும். நாற்பதுகளின் பிற்பகுதியில் முதல் பக்கவாதம் வரும். சிறியதாக வரும், ஓரளவு தேறிவிடும், மறுபடி வரும். இடையிலேயே மனச்சோர்வு பிடிக்கலாம். எதிலும் நாட்டமில்லாமல் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருப்பார். "வேலைக்குப் போகாமல் சோம்பேறியாகிவிட்டார்" என்று வீட்டில் திட்டுவார்கள். மூளையில் ஏற்பட்ட சேதம்தான் அந்த மந்தம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பிறகு கணக்கு வழக்கில் தடுமாற்றம், ஒரு வேலையைத் திட்டமிட்டுச் செய்ய முடியாமை, நடை தளர்தல், மறதிநோய் என்று ஐம்பது, அறுபதுகளில் படுக்கையில் போய் முடியலாம்.

எங்கள் அலுவலகத்துக்கு ஒரு வாசகர் தம் குடும்பத்தாரின் மருத்துவச் சீட்டுகளை ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துவந்தார். அப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரியில் "பக்கவாதம், வலது பக்கம்" என்று இருந்தது. அவருக்கு ரத்தக்கொதிப்பு இல்லை, சர்க்கரை இல்லை என்பதும் அதே தாளில் இருந்தது. அத்தையின் சீட்டு மனநலப் பிரிவிலிருந்து வந்தது. அதில் மனச்சோர்வு என்று எழுதியிருந்தார்கள். அண்ணனுடையது தலைவலிக்கான ஓ.பி. சீட்டு. தாத்தாவுக்குத் தாளே இல்லை, "கை கால் விழுந்து நாலு வருஷம் கிடந்தார்" என்ற பேச்சு மட்டும் உண்டு. அப்பாவின் எம்.ஆர்.ஐ. படத்தைப் பின்னாளில் வேறொரு நரம்பியல் மருத்துவர் வெளிச்சப் பலகையில் வைத்துப் பார்த்தார். பொட்டுப் பகுதியையொட்டிய மூளை மடலின் முன்நுனி, இரு பக்கமும், வெளுத்துக் கிடந்தது. காடாசில் நோய்க்கு அது முக்கியமான தடயம். முதல் அறிக்கையில் அதை வயதின் காரணமான மாற்றம் என்று எழுதிவிட்டார்கள். அப்போது அவருக்கு வயது 46. ரத்தச் சோதனையில் நாட்ச்-3 பிழை உறுதியானபோது, அந்தப் பையிலிருந்த சீட்டுகள் எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றே என்று குடும்பத்துக்கு முதல்முறையாக விளங்கியது.

அந்த மருத்துவமனைகளைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. ஒவ்வொரு பிரிவும் தன் முன்னால் இருந்த ஆளைச் சரியாகவே பார்த்தது. ஆட்களை ஒரு குடும்பமாகச் சேர்த்துப் பார்க்க நம் அமைப்பில் இடமே இல்லை. குறை அங்கேதான் இருக்கிறது.

இது எங்கோ வெள்ளைக்கார நாட்டில் வரும் நோய் என்று ஒதுக்கிவிட முடியாது. உலகின் பல பகுதிகளைச் சேர்ந்த சுமார் 60,000 பேரின் மரபணுத் தரவுகளை நெதர்லாந்தின் லைடன் நகர ஆய்வாளர்கள் 2016-இல் அலசினார்கள். நாட்ச்-3 மரபணுவில் இவ்வகைப் பிழை ஏறத்தாழ 300 பேருக்கு ஒருவரிடம் இருந்தது. தெற்காசியரிடம் அது ஏறத்தாழ 100 பேருக்கு ஒருவர் என்ற அளவில் இருந்தது. நம் மக்களும் தெற்காசியர்களே. இந்த எண்ணை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். பிழை உள்ள எல்லாருக்கும் கடுமையான நோய் வந்துவிடுவதில்லை. புரதத்தின் முதல் ஆறு கண்ணிகளுக்குள் பிழை இருந்தால் நோய் சீக்கிரமாகவும் கடுமையாகவும் வரும் வாய்ப்பு அதிகம். ஏழாவது முதல் 34-ஆவது வரையிலான கண்ணிகளில் இருந்தால் பொதுவாகத் தாமதமாகவும் லேசாகவும் வரும், சிலருக்கு முதுமைவரை ஒன்றும் தெரியாமலே போகும். பொதுமக்களிடம் காணப்படும் பிழைகளில் பெரும்பகுதி இந்த இரண்டாம் வகைதான். ஆகவே ஊர் முழுவதையும் ரத்தம் எடுத்துச் சோதியுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. அப்படிச் செய்தால் நோயே வராத பல்லாயிரம் பேர் பயத்தில் வாழ வேண்டியிருக்கும். எந்த வீட்டில் நோய் உண்மையிலேயே தலைகாட்டியிருக்கிறதோ அந்த வீட்டைக் கண்டறிய வேண்டும். அதற்கு முதலில் தேவைப்படுவது ஒரு கேள்வியும் ஒரு பேனாவும்தான்.

காடாசில் தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். ஆணானாலும் பெண்ணானாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் வாய்ப்பு சரிபாதி. சொந்தத்தில் மணம் முடிக்காத வீட்டிலும் வரும். இதன் உறவுக்கார நோயான காராசில் அப்படியல்ல. 10-ஆவது குரோமோசோமில் உள்ள எச்.டி.ஆர்.ஏ.-1 மரபணுவின் பிழை தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்து சேர்ந்தால்தான் அது வரும். ஜப்பானியக் குடும்பங்களில்தான் முதலில் விவரிக்கப்பட்டது. காரணமான மரபணுவை 2009-இல் அந்நாட்டு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். இளவயதிலேயே தலைமுடி கொட்டும், கடுமையான முதுகுவலி வரும், முப்பது வயதையொட்டிப் பக்கவாதமும் அறிவுத் தடுமாற்றமும் தொடங்கும். முடி கொட்டுவதற்குத் தோல் மருத்துவர், முதுகுவலிக்கு எலும்பு மருத்துவர், பக்கவாதத்துக்கு நரம்பியல் மருத்துவர் என்று மூன்று இடங்களில் காட்டும் நோயாளிக்கு மூன்றும் ஒன்றுதான் என்று சொல்ல யார் இருக்கிறார்கள்? தாய்மாமனையும் அத்தை மகனையும் மணக்கும் வழக்கம் நம்மிடம் இன்னும் வலுவாகவே இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் ரத்த உறவுக்குள் நடந்தவை. இருவரிடமிருந்தும் பிழை வந்து சேர வேண்டிய நோய்களுக்கு இந்த மண்ணில் கூடுதல் கவனம் தேவை என்பதை இந்த ஒரு புள்ளிவிவரமே சொல்லும்.

ஃபேப்ரி என்ற இன்னொரு நோயும் இளவயதில் பக்கவாதத்தைக் கொண்டுவரும். சிறுவயதிலேயே உள்ளங்கை உள்ளங்கால் எரிச்சல், வியர்வை குறைதல், பிறகு சிறுநீரகமும் இதயமும் பழுதாதல் என்று அது வளரும். இதற்குக் குறைபட்ட நொதியை மருந்தாகச் செலுத்தும் சிகிச்சை இருக்கிறது. மத்திய அரசின் 2021 அரிய நோய்க் கொள்கையிலும் ஃபேப்ரி இடம்பெற்றிருக்கிறது. உறுப்புகள் கெடுமுன் கண்டுபிடித்தால்தான் அந்தச் சிகிச்சையால் முழுப் பயன். அண்ணனுக்குக் கண்டறிந்த அன்றே தம்பியையும் தங்கையையும் பார்த்தாக வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை.

"காடாசிலுக்குத்தான் மருந்தே இல்லையே, தெரிந்து என்ன செய்ய?" என்று தங்கள் துறையில் யாரேனும் கேட்கலாம். நேர்மையான கேள்வி. நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும்.

நோயைக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. ஆனால் நோயின் வேகம் எல்லாருக்கும் ஒன்றுபோல் இல்லை. புகைபிடிக்கும் காடாசில் நோயாளிகளுக்குப் பக்கவாதம் முன்கூட்டியே வருகிறது. ரத்தக்கொதிப்பு சேர்ந்தால் ஆபத்து கூடுகிறது. அப்படியானால் இந்தக் குடும்பத்தில் இருபத்தைந்து வயதுப் பையன் சிகரெட்டை விடுவதும், முப்பது வயதுப் பெண் பிரஷரைப் பார்த்துக்கொள்வதும் மற்றவர்களுக்கு உள்ளதைவிடப் பல மடங்கு அவசரம். அதை அவர்களிடம் சொல்ல வேண்டியவர் யார்?

தவறான சிகிச்சையைத் தவிர்ப்பது அடுத்த பயன். எம்.ஆர்.ஐ. படத்தில் வெண்பொருள் வெளுத்திருப்பதைப் பார்த்து, இவர்களில் சிலருக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று முடிவுகட்டி, வேண்டாத மருந்துகளை ஆண்டுக்கணக்கில் கொடுப்பது உலகெங்கும் நடந்திருக்கிறது. மூளை ரத்தக்குழாய்க்குள் குழல்விட்டுச் சாயம் ஏற்றி எடுக்கும் ஆஞ்சியோகிராம், காடாசில் நோயாளிக்குக் கேடு விளைவிக்கலாம் என்பதும் மருத்துவர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டியது.

மூன்றாவது பயன் வாழ்க்கையைச் சார்ந்தது. வீட்டுக் கடன், பிள்ளைகளின் படிப்பு, சொத்து எழுதிவைப்பது, யார் பார்த்துக்கொள்வது என்ற முடிவுகளையெல்லாம் குடும்பத் தலைவரின் அறிவு தெளிவாக இருக்கும்போதே எடுத்துவிட முடியும். சோம்பேறி என்று திட்டு வாங்கியவர் நோயாளி என்று புரிந்துகொள்ளப்படுவார். ராசியில்லாதவள் என்று பழிசுமந்த மருமகளின் தலையிலிருந்து அந்தப் பழி இறங்கும்.

மரபணுவில் எழுதியிருந்தால் விதி அவ்வளவுதான் என்று நினைப்பவர்களுக்கு ஐஸ்லாந்து ஒரு பதிலைத் தருகிறது. அங்கே சில குடும்பங்களில் சிஸ்டாட்டின்-சி என்ற மரபணுவின் பிழையால் இளவயதிலேயே மூளையில் ரத்தம் கசிந்து இறப்பு நேர்கிறது. அது குடும்பநோய் என்பதை ஆர்னி ஆர்னசன் என்ற மருத்துவர் 1935-லேயே எழுதினார். மரபணுவைக் கண்டுபிடிக்க மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று. 2008-இல் வெளியான ஓர் ஆய்வு, அந்நாட்டின் பழைய பிறப்பு இறப்புப் பதிவுகளை வைத்து அதே குடும்பங்களின் முன்னோர்களைத் தேடிப்போனது. 1825-ஐ ஒட்டிப் பிறந்தவர்கள், அதே பிழையோடு, சராசரியாக 65 வயது வரை வாழ்ந்திருந்தார்கள். 1900-ஐ ஒட்டிப் பிறந்தவர்களின் சராசரி வயது 30 ஆகக் குறைந்துவிட்டது. மரபணு மாறவில்லை, மாறியது வாழ்க்கைமுறை. அந்த நூற்றாண்டில் ஐஸ்லாந்தின் உணவுப் பழக்கத்தில் ஏற்பட்ட மாற்றம் காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உள்ளன. பரம்பரை நோயிலும் மனிதனால் மாற்றக்கூடிய பங்கு பெரிது. அந்தப் பங்கைக் கண்டறிய முடிந்ததற்குக் காரணம், யாருக்கு யார் பிள்ளை, எந்த வயதில் இறந்தார் என்று ஒரு சமூகம் ஒழுங்காக எழுதிவைத்திருந்ததுதான்.

இனி எங்கள் கோரிக்கைகளுக்கு வருகிறோம்.

முதலாவது, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பக்கவாத நோயாளிக்கான கோப்பில் மூன்று தலைமுறைக்கான ஒரு பக்கத்தைச் சேருங்கள். தாத்தா பாட்டி, பெற்றோர், அவர்களின் உடன்பிறப்புகள், நோயாளியின் உடன்பிறப்புகள், பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் பக்கவாதம், ஒற்றைத் தலைவலி, மறதி, மனச்சோர்வு இருந்ததா, எந்த வயதில் என்று குறிக்க இடம். 'குறிப்பிடும்படி ஏதுமில்லை' என்ற ஒற்றை வரியை அங்கே ஏற்கக் கூடாது. நோயாளிக்குப் பேச்சு வராத நிலையில் உடனிருக்கும் அட்டெண்டரிடம் கேட்கலாம். அடுத்த நாள் பார்க்கவரும் சொந்தக்காரர்களிடம் மறுபடி கேட்கலாம். குடும்பக் கதை எப்போதும் பெரியத்தையோ சின்னம்மாவோ யாரோ ஒருவரிடம் பத்திரமாக இருக்கும்.

இரண்டாவது, மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய இத்திட்டத்தில், பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். படுக்கையில் கிடப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் ஆதரவு சிகிச்சையும் வீட்டிலேயே கிடைக்கின்றன. ஒரே கூரையின்கீழ் தலைமுறைகளைச் சேர்த்துப் பார்க்கிறவர் இன்றைக்கு இந்தத் தன்னார்வலர்தான். "இந்த வீட்டில் 55 வயதுக்குமுன் பக்கவாதம் வந்தவர்கள் இரண்டு பேருக்கு மேல் உண்டா?" என்ற ஒரு கேள்வியை அவர் கைப்படிவத்தில் சேருங்கள். ஆம் என்றால் அந்த வீட்டை மாவட்ட நரம்பியல் பிரிவுக்கு அனுப்பிவைப்பதோடு அவர் வேலை முடியட்டும். நோயின் பெயரைச் சொல்வதும் பயமுறுத்துவதும் அவர் வேலையாக இருக்கக் கூடாது.

மூன்றாவது, மரபணுச் சோதனை. குடும்பத்தில் நோய் தெளிவாகத் தெரியும் ஒருவருக்கு முதலில் முழுச் சோதனை செய்ய வேண்டும். பிழை எந்த இடத்தில் என்று தெரிந்துவிட்டால் உறவினர்களுக்கு அந்த ஓரிடத்தை மட்டும் பார்த்தால் போதும், செலவு வெகுவாகக் குறையும். மண்டலத்துக்கு ஒரு மருத்துவக் கல்லூரியிலாவது இதற்கான வசதியை ஏற்படுத்தி, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் இதைச் செய்து தாருங்கள். பெங்களூருவின் இந்திய அறிவியல் கழக வளாகத்திலுள்ள மூளை ஆய்வு மையம் ஒருங்கிணைத்த ஜீனோம் இந்தியா திட்டம் 10,000 இந்தியர்களின் மரபணுத் தொகுதியைப் படித்து முடித்திருக்கிறது. நம் மக்களிடம் எது சாதாரண மாறுபாடு, எது நோய் தரும் பிழை என்று பிரித்தறிய அது பெரிதும் உதவும்.

நான்காவதும் மிக முக்கியமானதும், ஆலோசகர்கள். நோய் அறிகுறி ஏதும் இல்லாத இருபத்தெட்டு வயதுப் பெண்ணிடம் "உனக்கும் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம்" என்று ஓ.பி. வரிசையில் நிற்கவைத்துச் சொல்லக் கூடாது. தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கு உண்டு, தெரிந்துகொள்ளாமல் இருக்கும் உரிமையும் அவருக்கு உண்டு. ஹன்டிங்டன் என்ற மற்றொரு பரம்பரை மூளைநோய்க்கு 1994-இல் சர்வதேச நெறிமுறை வகுக்கப்பட்டது. சோதனைக்குமுன் ஆலோசனை, யோசிக்கக் கால அவகாசம், முடிவைத் தனியாக உட்காரவைத்துச் சொல்வது, அதன்பின்னும் தொடர்ந்த துணை, வயது வராத பிள்ளைகளுக்குச் சோதனை செய்யாமை ஆகியவை அதன் அடிப்படைகள். காடாசிலுக்கும் இதே முறைதான் பொருந்தும். இந்தப் பண்பு நமக்குப் புதிதும் அல்ல. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில். அந்த நோயைச் சுற்றிய அச்சத்தையும் அவமானத்தையும் நேரில் சந்தித்து, ஆலோசனை, சம்மதம், ரகசியம் என்ற மூன்றின்மேல் நம்பிக்கை மையங்களைக் கட்டி நடத்தியது இந்த மாநிலம்தான். அந்த அனுபவத்தில் வளர்ந்த ஆலோசகர்கள் பலர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு மரபணு ஆலோசனையில் பயிற்சி அளியுங்கள்.

ஐந்தாவது, பாதுகாப்பு. குடும்பங்கள் வாயைத் திறக்காததற்குக் காரணம் அறியாமை மட்டும் என்று யாரும் எண்ண வேண்டாம். "அந்த வகையறாவுக்கே வாதம்" என்று ஒருமுறை பெயர் விழுந்துவிட்டால் அந்த வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை அமைவது எவ்வளவு கஷ்டம் என்று எல்லாருக்கும் தெரியும். வேலை கொடுப்பவருக்குத் தெரிந்தால் என்ன ஆகும், இன்ஷூரன்ஸ் கிடைக்குமா என்ற பயமும் நியாயமானது. மரபணு நோய்களைக் காப்பீட்டிலிருந்து ஒட்டுமொத்தமாக விலக்குவது பாகுபாடு என்று தில்லி உயர் நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. புதிய மருத்துவக் காப்பீடுகளில் அந்த விலக்கு கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் அடுத்த மாதமே நிறுவனங்களுக்குச் சொன்னது. தீர்ப்பின் ஒரு பகுதியைப் பின்னர் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. அமெரிக்காவில் மருத்துவக் காப்பீட்டிலும் வேலையிலும் மரபணுப் பாகுபாட்டைத் தடுக்க 2008-லேயே தனிச்சட்டம் வந்துவிட்டது. நம் நாட்டில் அப்படியொரு தனிச்சட்டம் இல்லை. அது வேண்டும் என்று மத்திய அரசுக்கு எழுதுங்கள். அதுவரை, மாநில அளவில், மரபணுச் சோதனை முடிவு நோயாளியின் எழுத்துப்பூர்வச் சம்மதமின்றி யாருக்கும் தரப்படாது என்று ஓர் அரசாணை வெளியிடுங்கள். மூன்று தலைமுறைப் பக்கத்தில் எழுதப்படும் உறவினர்களின் விவரத்துக்கும் அதே காப்பு இருக்க வேண்டும். தம்மைப் பற்றி எழுதப்பட்டதை அறியாமலே அவர்கள் அந்தத் தாளில் இடம்பெறுகிறார்கள்.

கடைசியாக, பார்த்துக்கொள்கிறவர்கள். நாற்பத்தெட்டு வயதில் மறதிநோய் கண்டவரின் மனைவிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். பிள்ளைகள் பள்ளியிலோ கல்லூரியிலோ இருப்பார்கள். சம்பாதித்தவர் படுத்துவிட்டார், பார்த்துக்கொள்வதற்காக மனைவியும் வேலையை விடுகிறார். முதியோருக்கான திட்டம் எதுவும் இவர்களுக்குப் பொருந்தாது, ஏனென்றால் வயது போதாது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைப் பட்டியலில் மறதிநோய் என்று தனியாக எதுவும் இல்லை. நாட்பட்ட நரம்பியல் பாதிப்பு என்ற வகைக்குள் வைத்துத்தான் சான்றிதழ் கேட்க வேண்டும். மருத்துவக் குழுவில் அமர்பவர்களுக்கு இதைத் தெளிவாக்கி ஒரு சுற்றறிக்கை அனுப்பினாலே பல குடும்பங்களின் அலைச்சல் குறையும். அந்த மனைவியின் பாரத்தோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: தன் பிள்ளைகளில் யாருக்கு வருமோ என்ற கவலை. அவருக்கு உட்கார்ந்து பேச ஓர் இடமும் ஓர் ஆளும் வேண்டும்.

செயலாளர் அவர்களே, தாய்சேய் நலத்திலும் தடுப்பூசியிலும் மருந்துக் கொள்முதலிலும் நாடே பார்த்துக் கற்கும்படி செயல்பட்ட துறை தங்களுடையது. இங்கே கேட்கப்படுபவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் புதிய கட்டடம் வேண்டாம், புதிய எந்திரமும் வேண்டாம். இருக்கும் படிவத்தில் ஒரு பக்கம், இருக்கும் ஊழியர்களுக்குச் சில நாள் பயிற்சி, ஓர் அரசாணை, ஒரு சுற்றறிக்கை, மண்டலத்துக்கு ஒரு சோதனை வசதி. துறையின் பெயரிலேயே குடும்ப நலம் என்று இருக்கிறது. பிள்ளைப்பேற்றையும் கருத்தடையையும் தாண்டி, ஒரு குடும்பத்தின் ரத்தத்தில் ஓடும் நோயைக் கண்டு அதற்குத் துணைநிற்பதும் அந்தப் பெயருக்குள் அடங்கும் என்று நாங்கள் நம்புகிறோம்.

இந்தக் கோரிக்கைகளில் எவை ஏற்கத்தக்கவை, எவற்றில் என்ன தடை இருக்கிறது என்று துறை சார்பில் எழுதினால், அதை இதே பக்கத்தில் ஒரு வரியும் குறைக்காமல் வெளியிடுவோம். முதல் கோரிக்கைக்கு மட்டும் நிதித் துறையின் ஒப்புதலும் தேவையில்லை, பேரவையின் ஒப்புதலும் தேவையில்லை. தங்கள் கையெழுத்தே போதும். அதை இந்த மாதமே செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஆசிரியர்